நியூ ஃபோல்டர் ஒன்பது

கொளப்பள்ளியில் ஜூலை மழை பிடித்தால்
துணி காயாது, தீக்குச்சி உரசாது.
கம்ப்யூட்டர் மட்டும்
பழைய கம்பளிக்குள் கதகதப்பாக இருக்கும்.
பந்தலூரில் மூடிப்போன நெட் சென்டரில்
நாலாயிரத்துக்கு வாங்கியது.

திரை முழுக்க ஃபைல்கள்.
எல்லாம் இவர் கைவரிசை.
கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து
ஈரக்கையோடு உட்காருவார்,
அது எதைக் கேட்டாலும் ஓகே என்பார்.
ரேஷன் கார்டின் பெயர் ஏஏஏஏ.
கரண்டு பில் ஏஏஏஏ இரண்டு.
தர்ஷிகாவின் சாதிச் சான்றிதழ் மூன்று இடத்தில்:
புதுசு, ரொம்பப் புதுசு, இதுதான் கடைசி.
மூன்றையும் திறந்தேன். மூன்றும் ஒன்று.
இதற்கெல்லாம் பின்னால் ஒரு ரோஜாப்பூ
படமாக இருக்கிறதென்று சொல்வார்.
நான் பார்த்ததில்லை.

மழையில் வேலை நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை
கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.
முத்தின இலையைப் பொறுக்கி எறிகிற விரல்
மவுஸுக்குப் பழக அரைநாள் ஆனது.
பெயர் வைப்பதில்தான் கஷ்டம்.
ஆபீஸ் ஜன்னலில் நின்றுகொண்டு
அவசரத்தில் போனில் எப்படிக் கேட்போம்?
அதுதான் அதன் பெயர்.
வருஷத்தை முன்னால் போட்டேன்.
அப்பா சொல்லும் பிரட்டுக்களத்தில்
ஆள் நிற்பதுபோல
தானாக வரிசைக்கு வந்தன.

"எடம் சும்மாதானே கெடக்கு, இருக்கட்டுமே"
என்றார் இவர், எதை அழித்தாலும்.
சாக்குக் கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்திருப்பதற்கும்
இதே பதில்தான்.

நியூ ஃபோல்டர் ஒன்பதுக்குள்
நியூ ஃபோல்டர் மூன்று,
அதற்குள் டாக்குமெண்ட் என்று ஒன்று.
திறந்தால் அப்பாவின் குடும்ப அட்டை.
ஏழு தலை, ஒரே போட்டோ.
ஓரத்தில் முத்திரை மை பரவி
கடைசித் தம்பியின் முகத்தில் பாதி இல்லை.
'அப்பா' என்று ஃபோல்டர் திறந்து வைத்துவிட்டு
இதை வெட்டினேன்.
படம் வெளிறியது,
சேரம்பாடி ரோட்டில் எதிரே வரும் ஆள்
பனியில் வெளிறுவதுபோல.
ஒட்டப் போகிற நேரம் கரண்டு போனது.

எங்கேயோ கம்பியில் மரம்.
இரண்டரை மணி நேரம்.
"வெட்டினது வெட்டினதுதான், போச்சு" என்றார் இவர்,
இருட்டில் முறுக்கு கடித்துக்கொண்டே.
நான் பேசவில்லை.
அங்கேயும் இல்லாமல் இங்கேயும் வராமல்
அது இப்போது எங்கே இருக்கும்?

கரண்டு வந்தது.
ஏதேதோ சோதித்துப் பார்த்துவிட்டு
மெதுவாகத் திரை வந்தது.
ஒன்பதுக்குள் மூன்றுக்குள்
அட்டை அப்படியே, முழு நிறத்தில்.
போய்ச் சேரும்வரை
பழைய இடத்திலிருந்து பெயரை எடுப்பதில்லையாம்
இந்த நாலாயிரம் ரூபாய்ப் பெட்டி.

அப்பாவுக்கு அப்படி நடக்கவில்லை.
பொகவந்தலாவையில் பேரை அடித்த பிறகுதான்
மண்டபத்தில் எழுதினார்கள்.
நடுவில் ஒரு ராத்திரி, கப்பலில்.
அதைப் பற்றிக் கேட்டால்
வாந்தி எடுத்ததை மட்டும் சொல்வார்.

இப்போதெல்லாம் நான் வெட்டுவதில்லை.
நகல் எடுத்து, புது இடத்தில் திறந்து பார்த்து,
அப்புறம்தான் பழையதை அழிக்கிறேன்.
அட்டையை மட்டும் இரண்டு இடத்திலும் விட்டுவிட்டேன்.
எடம் சும்மாதானே கெடக்கு.

ராத்திரி பதினொன்றுக்குத் திரை காலி.
ரோஜாவெல்லாம் இல்லை.
ஒரு பச்சை மேடு, நீல வானம்,
யாருடைய மலையோ.
ஒரு தேயிலைச் செடி கிடையாது,
மழை பெய்த அடையாளமே இல்லை.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அந்த வானத்தின் நட்டநடுவில்
ஏஏஏஏ.